ரயிலுக்கு வழிவிட்ட அக்கா

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவார். வசனம் முடிந்து நிற்பதில்லை. "நேற்று நான் கடைக்குப் போய் நல்ல கத்தரி..." என்று தொடங்குவார். அந்த இடத்தில் வலது கை மெல்ல உயரும். கண் முகட்டைப் பார்க்கும். வாய் பாதி திறந்தபடி இருக்கும். என்னவோ ஏதோ என்று நாங்களும் முகட்டைப் பார்ப்போம். அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் கை இறங்கும். "...க்காய் வாங்கினன். வெட்டிப் பார்த்தால் எல்லாம் முத்தல்" என்று மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்.

இது இக்காஸ்டில். டென்மார்க்கின் மேற்குப் பக்கம் இருக்கிற சின்னப் பட்டணம். பட்டப்பகலில்கூட தெருவில் ஒரு சைக்கிள் போனால் மாடியில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் எதற்காகக் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும்?

அக்கா எனக்குச் சொந்தமில்லை. எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் வீட்டில் இருக்கிற சுபாவின் பெரியம்மா. ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற நகரத்தில் புருசனோடு நெடுங்காலம் இருந்தவர். பிள்ளைகள் இல்லை. புருசன் செத்த பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று சுபா போய்க் கூட்டிவந்து, தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தாள். சுபா நல்ல பிள்ளை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மறதி வருத்தம் வந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துவதுதான் அவளுடைய வேலை. அதனால் அக்காவின் கை உயரும்போதெல்லாம் அவள் என் பக்கம் திரும்புவாள்.

"இது அதுதான் அன்ரி" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லுவாள். "கதை நடுவிலை அறுந்து போறது. தொடக்கம் இப்பிடித்தான் இருக்கும். நான் தினமும் பாக்கிறன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா வந்த பிறகுதான் எனக்கும் இரண்டு சொல் பேச இடம் கிடைத்தது. அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியில் "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று நான் கேட்டால் எல்லாருக்கும் கேட்கும்.

கட்டடத்தின் கீழே பொது அறை ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒருநாள் தமிழ்ப் பெண்கள் அங்கே கூடுவோம். முதல்நாள் வந்தபோதே அக்கா ரயில் கதையைத் தொடங்கிவிட்டார்.

"எங்கட ரயில் தொங்கிக்கொண்டுதான் போகும். சில்லு மேலை, பெட்டி கீழை. தண்டவாளம் ஆகாயத்திலை."

"அது ரயிலோ வௌவாலோ?" என்று கேட்டார் பவளம். பவளம் பகிடி விட்டால் அறை முழுக்கச் சிரிக்கும்.

"வௌவால்தான். ஆனால் நேரத்துக்கு வாற வௌவால். உங்கட மனிசன் மாதிரி இல்லை."

பவளத்தின் கணவர் அவரைக் காரில் ஏற்ற வருவதாகச் சொல்லிவிட்டு எப்போதும் பிந்தி வருகிறவர். அன்று சிரிப்பு மற்றப் பக்கம் போனது.

அக்கா எழும்பிப் போய்ச் சுவரில் கிடந்த கோட்டுக் கொளுவியை எடுத்து, யன்னல் சீலைக் கம்பியில் கொளுவிக் காட்டினார். இதுதான் தண்டவாளம், இதுதான் பெட்டி. ஒரு விரலால் தள்ளினார். கொளுவி ஆடி ஆடிப் போனது. "வளைவிலை இப்பிடித்தான் ஒரு பக்கம் சரியும். புதிசா ஏறுற ஆக்கள் ஐயோ எண்டு கம்பியைப் பிடிப்பினம். நாங்கள் கைப்பையைக்கூடப் பிடிக்கிறேல்லை."

அந்த ஊர் ஒரு பள்ளத்தாக்காம். நடுவில் ஆறு. ஆற்றங்கரையில் ஆலைகளும் வீடுகளும் முட்டிக்கொண்டு நிற்குமாம். நிலத்தில் ரயில் விட இடமே இல்லை. அதனால் ஆற்றின் இரண்டு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, தண்ணீருக்கு மேலே தண்டவாளத்தைக் கட்டிப் பெட்டிகளைத் தொங்கவிட்டார்களாம். நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஜெர்மனியை ஆண்ட சக்கரவர்த்தியும் மனைவியும் முதன்முதல் ஏறிப் பார்த்தார்களாம். "அவ போகுமட்டும் தொப்பியை விடவே இல்லை" என்று அக்கா சொல்லுவார். சக்கரவர்த்தி ஏறியது உண்மை. தொப்பி அக்கா சொந்தமாகச் சேர்த்தது என்று நினைக்கிறேன். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து உடைந்ததாம், திரும்பக் கட்டினார்களாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து சுகமான மாதிரித்தான் இதையெல்லாம் சொல்லுவார். ரயிலை "அவர்" என்றுதான் சொல்லுவார். "அவர் வாறார்." "அவர் போகட்டும்."

இக்காஸ்ட் ஸ்டேசனில் நானும் அக்காவும் ஒருநாள் நின்றோம். ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போகவேண்டும். ரயில் வந்தது. அக்கா குனிந்து சில்லுகளைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"பாவம், நிலத்திலை உருண்டு வருது" என்றார்.

"எல்லா ரயிலும் அப்பிடித்தானே அக்கா?"

"ஓமோம். ஆனால் பாருங்கோ, மேலை ஒண்டும் இல்லை. இவை எதைப் பிடிச்சுக்கொண்டு போகினம்?"

போகும் வழி முழுவதும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. சத்தம் கீழேயிருந்து வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. சத்தம் என்றால் மேலேயிருந்து வரவேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் இரும்பு முனகும். ரயில் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூண்களுக்குத் தெரிந்துவிடும். "ம்ம்ம்" என்று உதட்டை மூடிக்கொண்டு காட்டுவார். அடுத்ததாக அலுமாரிக்குள் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டும். நாக்கு நுனியால் கிணுகிணு என்பார். அதன்பிறகு கடகடகட என்று தலைக்கு மேலே. வளைவில் கிறீச் என்று ஒரு நீட்டு. போன பிறகு தூண்கள் கொஞ்ச நேரம் மூச்சுவிடுவது போல ஹ்ம்ம் என்று அடங்கும். பழைய பெட்டிகளின் சத்தம் வேறு, பிறகு வந்த நீலப் பெட்டிகளின் சத்தம் வேறு. புதியவை மெதுவாகப் பேசுமாம். "படிச்ச பிள்ளையள் மாதிரி. எனக்குப் பழையவைதான் விருப்பம். வாறதெண்டால் வாற மாதிரி வருவினம்."

அந்த நகரத்தில் ஒரு பக்கத்தில் ஆறு விலகிப் போக, ரயில் தெருவுக்கு மேலால் வருமாம். அக்காவின் வீடு அங்கேதான். மாடி யன்னலுக்கு நேரே ரயில் போகும். உள்ளே இருக்கிறவர்கள் அக்காவின் குசினியைப் பார்ப்பார்கள். அக்கா என்ன சமைக்கிறார் என்று அந்த நகரத்துக்கே தெரியும்.

பொது அறையில் ஒரு சட்டிச் சண்டையும் நடந்தது. எல்லாருக்கும் பொதுவான பெரிய சட்டி ஒன்றைக் காணவில்லை. பவளம் என்னைப் பார்த்து, "கடைசியா நீங்கள்தானே கழுவினீங்கள்?" என்று கேட்டார். நான் எடுக்கவில்லை, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அக்கா எழும்பி நின்றார்.

"அவ எடுக்கேல்லை. அந்தச் சட்டியைக் கொண்டுபோனது ஆரெண்டு..."

கை உயர்ந்தது. கண் முகட்டுக்குப் போனது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. யார் பெயர் வரப் போகிறதோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த அமைதியைப் பவளத்தால் தாங்க முடியவில்லை.

"ஐயோ கடவுளே, அது என்ர வீட்டிலைதான் கிடக்கு! மருமகளின்ர வளைகாப்புக்கு எடுத்தனான்!"

கை இறங்கியது. "...எனக்குத் தெரியாது" என்று அக்கா வசனத்தை முடித்தார்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பவளத்துக்கு விக்கல் எடுத்தது.

ஏன் நிற்கிறார் என்பது எனக்கு விளங்கியது வேறொரு நாள். என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். வுப்பர்டாலில் ஒருமுறை ஏதோ திருத்த வேலைக்காக ரயிலை மாதக்கணக்காக நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கதையைச் சொன்னார்.

"தெருவெல்லாம் செத்தவீடு மாதிரி. கீழ் வீட்டு ஜெர்மன் கிழவி இருக்கிறாவெல்லோ, அவ என்னோடை படியிலை நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பா. திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டு வாயைத் திறந்தபடி மேலை பாப்பா. ஏனெண்டால் ரயில் வாற நேரம். ரயிலே இல்லை, ஆனால் மனிசி நிக்கும். நான் எனக்குள்ளை சிரிப்பன். விசர் மனிசி, இல்லாத ரயிலுக்கு ஆரும்..."

அக்காவின் கை உயர்ந்தது. கண் முகட்டுக்குப் போனது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"...வழி விடுவினமோ?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்கள் இப்ப நிப்பாட்டினீங்களெல்லோ?"

"நானோ? நான் எங்கை நிப்பாட்டினனான்? கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

அவருக்குத் தெரியவே தெரியாது. யன்னலடியில் ரயில் போகும்போது பேசினால் எதிரில் இருக்கிறவருக்குக் கேட்காது. அதனால் அந்தத் தெருவில் எல்லாரும் நிறுத்தி, ரயிலைப் போகவிட்டு, தொடர்ந்து பேசிப் பழகியிருக்கிறார்கள். கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நான் இக்காஸ்டில் தையல் ஆலையில் வேலை செய்தவள். மெசின்களின் இரைச்சலில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசுவோம். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகியும், பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க எனக்கு வராது. வாயைத்தான் பார்ப்பேன்.

மறுநாளே சுபாவிடம் சொன்னேன். என்னால் முடிந்த மாதிரிச் சொன்னேன்.

"அன்ரி, அவ அங்கையிருந்து வந்து எவ்வளவு காலம்! ரயில் இன்னும் எப்பிடி ஓடும்?" என்றாள். "உங்களுக்கு அவவிலை விருப்பம். அதுதான் இப்பிடிச் சொல்லுறீங்கள்."

அதற்குமேல் வாதாட எனக்கு வரவில்லை.

அந்தக் கிழமையே வடை கருகியது. சுபா வேலை முடிந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை. அக்கா அடுப்புக்கு முன்னால் ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் அகப்பை. அகப்பைக் கை உயர்ந்தபடி இருக்கிறது. தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர் ரயிலுக்கு நின்றுவிட்டார். வடை நிற்குமா? சுபா ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினாள். அன்று பின்னேரமே கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, தொலைபேசி எடுத்தாள். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டாள். எனக்கு அதைச் சொன்னபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் இல்லாத நேரம் வீடு எரிஞ்சால்? இல்லத்திலை எண்டால் ஆள் இருக்கும் அன்ரி."

வெள்ளிக்கிழமை கொம்யூனிலிருந்து ஒரு பெண் வந்தார். மறதி வருத்தத்தைப் பார்த்து மதிப்பிடுகிற தாதி. நரை விழுந்த தலை, சிரித்த முகம். அவர் என்ன சொல்லுகிறாரோ அதைப் பொறுத்துத்தான் இல்லத்தில் இடம். சுபா என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் கதவோரக் கதிரையில் இருந்தேன்.

அக்காவுக்கு டெனிஷ் வராது. சுபா மொழிபெயர்க்க இருந்தாள். ஆனால் தாதி ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட, தெற்கு யூலண்டில் பிறந்தவராம். ஜெர்மனில் ஏதோ கேட்டார். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதன்பிறகு சுபாவுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. இருவருக்கும் ஜெர்மன் தெரியாது.

அன்று என்ன கிழமை என்று தாதி கேட்டிருக்க வேண்டும். அக்கா தமிழிலேயே எங்களைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை எண்டு தெரியேல்லையோ இவவுக்கு? குசினியிலை மீன் மணக்கேல்லையெல்லோ" என்று சொல்லிவிட்டு ஜெர்மனில் பதில் சொன்னார். பிறகு ரயில் கதையைத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. உதட்டை மூடி "ம்ம்ம்" என்றார். இரும்பு முனகுகிறது. கிணுகிணு. அலுமாரி. கடகடகட. தாதி பேனையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா ஒரு கையை மூக்கடியில் வைத்துத் தும்பிக்கை மாதிரி ஆட்டினார்.

"ஐயோ, யானைக் கதை!" என்று சுபா தலையில் கை வைத்தாள்.

அது அக்காவின் பெரிய கதை. ஒரு சர்க்கஸ்காரன் விளம்பரத்துக்காகக் குட்டி யானையைத் தொங்கு ரயிலில் ஏற்றினானாம். யானை சத்தத்திலும் ஆட்டத்திலும் வெருண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்ததாம். சாகவில்லை, பின்பக்கம் கொஞ்சம் உராய்ந்ததோடு சரியாம். பொது அறையில் இதைச் சொன்னபோது பவளம், "யானைக்கு டிக்கெட் எடுத்தவையோ?" என்று கேட்டார். ஒருவரும் நம்பவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

யானை பெட்டிக்குள் திரும்புகிறது. அக்கா தோளை இடித்துக் காட்டுகிறார். சரியாக அந்த இடத்தில், ஒரு சொல்லின் நடுவில், கை உயர்ந்தது. கண் முகட்டுக்குப் போனது.

"பார்த்தீர்களா, இதுதான்" என்றாள் சுபா டெனிஷில்.

தாதி அக்காவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பேனையை எடுத்தார்.

நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்: "ரயில். இப்போது ரயில் போகிறது. அவர் பார்க்கிறார்."

தாதி யன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கும் ஓர் இடம் இல்லத்தில் பதிவாகிவிட்டது போல இருந்தது.

"அன்ரி, நீங்களுமோ?" என்றாள் சுபா.

அதற்குள் அக்காவின் கை இறங்கியது. யானை பாய்ந்தது. "தொப்!" என்றார். தொடையில் அடித்துச் சிரித்தார்.

தாதி சிரிக்கவில்லை. சுபாவின் பக்கம் திரும்பி டெனிஷில் மெதுவாகச் சொன்னார்: "அவர் ஒரு சொல்லைப் பாதியில் விட்டார். இப்போது அந்தச் சொல்லின் மற்றப் பாதியிலிருந்து தொடங்கினார். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அப்படி யாராவது செய்வார்களா?"

சுபா இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும். மறதி வருத்தக்காரர்கள் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில்லை.

"அந்த ரயிலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் தாதி என்னிடம்.

இந்த முறை தமிழில் சொன்னேன். யன்னலையும், கீழ் வீட்டுக் கிழவியையும், ரயில் ஓடாத மாதங்களையும், என் தையல் ஆலையையும். சுபா மொழிபெயர்த்தாள். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் குரல் மாறிக்கொண்டு வந்தது. தாதி கேட்டு முடித்துவிட்டு, தன் அப்பா மீன்பிடிப் படகில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி, வீட்டில் உப்பைக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்பார் என்றார். வெளியார் எல்லாரும் அவரைக் கோபக்காரர் என்று நினைத்தார்களாம்.

"அப்படியானால் யானை?" என்று டெனிஷில் கேட்டாள் சுபா.

"யானை உண்மை. சின்ன வயதில் என்னிடம் அந்தக் கதையின் படப் புத்தகம் இருந்தது" என்றார் தாதி.

தாதி மிச்சக் கேள்விகளையும் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, நடுவில் ஒருமுறை ரயிலையும் விட்டு, தாதிக்கு இன்னொரு கோப்பியும் ஊற்றினார். கடைசியில் தாதி சுபாவிடம் சொன்னார்: இல்லம் தேவையில்லை. அடுப்பு தானாக நிற்கிற ஒரு கருவி பூட்டித் தரலாம். வடையை அது காப்பாற்றாது, வீட்டைக் காப்பாற்றும்.

தாதி போனதும் சுபா கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். அக்கா தன் அறைக்குள் போய்விட்டார். தேத்தண்ணிக்குக் கூப்பிடலாம் என்று நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

அக்கா கட்டிலில் இருந்தார். நிலத்தில் அவருடைய பெரிய பெட்டி திறந்தபடி கிடந்தது. சேலைகள், கம்பளிச் சட்டை, மருந்துப் பை, புருசனின் படம், எல்லாம் ஒழுங்காக அடுக்கி இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இதென்ன?"

"நீ ரெலிபோனிலை கதைச்சது கேட்டது பிள்ளை. டெனிஷ் விளங்காட்டியும் உன்ர அழுகை விளங்கும்தானே." சேலையை மடியில் வைத்துத் தடவினார். "உனக்குக் கரைச்சலா இருக்கக்கூடாது எண்டு அடுக்கி வைச்சனான். இண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிடுவா எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் அவவுக்கு அவ்வளவு கதை சொன்னனீங்கள்? யானை வரைக்கும்?"

"நான் கதைச்சுக்கொண்டிருந்தால் அவ எழும்பமாட்டாவெல்லோ" என்றார் அக்கா. "அவ எழும்பினால் நானும் எழும்ப வேணுமே."

சுபா நிலத்தில் இருந்துவிட்டாள். பெட்டிக்குள் கிடந்தவற்றை அவளே எடுத்து எடுத்துத் தந்தாள், நான் வாங்கி அலுமாரியில் வைத்தேன். பெட்டி வெறுமையானதும் சுபா அதைப் பூட்டி நிமிர்த்தினாள்.

"இதை எங்கை வைக்கிறது பெரியம்மா?"

"அலுமாரிக்கு மேலை வை. எனக்கு எட்டாத இடத்திலை."

சுபா கதிரையில் ஏறிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அக்கா கீழே நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளு" என்றார்.